புது மெயில் வந்தால் சொல்லும் சின்ன டூல்: கேள்வி பதில்

புது மெயில் வந்ததும் திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்துச் சொல்லும் நோட்டிஃபையர் டூல்கள் பற்றிக் கேட்கப்பட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றுக்கு மட்டும் உரியதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சார், ஜிமெயிலை பிரௌசரில் எப்போதும் திறந்தே வைத்திருக்கிறேன். தனியாக ஒரு டூல் தேவையா?

பதில்: ஒரே கணக்கு, டேப்பும் மூடுவதே இல்லை என்றால் தேவையில்லை. ஜிமெயில் செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் 'டெஸ்க்டாப் நோட்டிஃபிகேஷன்ஸ்' இருக்கிறது. எல்லா மெயிலுக்கும் வேண்டுமா, முக்கியமானதற்கு மட்டும் போதுமா என்று தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தின் அடி வரை போய் 'சேவ் சேஞ்சஸ்' அழுத்துங்கள். பலர் அடி வரை போவதே இல்லை. பிரௌசர் அனுமதி கேட்டால் அதையும் கொடுக்க வேண்டும். டேப்பை மூடினால் அறிவிப்பும் நின்றுவிடும். ஜிமெயில், யாஹூ, ஆபீஸ் மெயில் என்று மூன்று நான்கு கணக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் தனி டூல் கைகொடுக்கும்.

கேள்வி: எந்த டூலை எடுக்கலாம்?

பதில்: லினக்ஸில் மெயில்நேக். பின்னணியில் ஓடிக்கொண்டு பல கணக்குகளைக் கவனிக்கும். ஒலி, ஸ்பேம் வடிகட்டி, புது மெயில் வந்தால் நம் ஸ்கிரிப்டை ஓட்டுவது என்று எல்லாம் பிளக்இன்களாக இருக்கின்றன. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு பேர்ட்ட்ரே. இது சர்வரோடு பேசுவதே இல்லை. தண்டர்பேர்ட் எழுதிவைக்கும் எம்எஸ்எஃப் என்ற மெயில் பட்டியல் கோப்புகளைப் பார்த்து, படிக்காத மெயில் எண்ணிக்கையை சிஸ்டம் ட்ரேயில் (கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகான் வரிசை) காட்டும். தண்டர்பேர்ட் ஓடாவிட்டால் இதற்கு எதுவும் தெரியாது.

வேறு எதை எடுத்தாலும் மூன்று விஷயம் பாருங்கள். ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) வழியில், மெயில் வந்ததும் சர்வரே சொல்லும் 'ஐடில்' வசதி இருக்கிறதா? பிரௌசரைத் திறந்து உள்நுழையச் சொல்லும் ஓஆத் முறை இருக்கிறதா? பாஸ்வேர்டை சிஸ்டத்தின் பூட்டிய பெட்டகத்தில் வைக்கிறதா, சாதா கோப்பில் எழுதி வைக்கிறதா? மூன்றாவதற்கு டூலின் உதவிப் பக்கம் பதில் சொல்லவில்லை என்றால் நான் அதைத் தொடமாட்டேன்.

கேள்வி: பாஸ்வேர்ட் சரியாகத்தான் போடுகிறேன், ஜிமெயில் 'தவறு' என்கிறதே அண்ணா?

பதில்: உங்கள் வழக்கமான கூகுள் பாஸ்வேர்ட் அங்கே செல்லாது. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியை 2022 மே 30 முதல் கூகுள் அடைத்துவிட்டது. ஓஆத் தெரியாத டூலுக்கு 'ஆப் பாஸ்வேர்ட்' வேண்டும், அதாவது அந்த டூலுக்கென்றே கூகுள் உருவாக்கித் தரும் தனிப் பாஸ்வேர்ட். முதலில் கூகுள் கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்குங்கள். அது இல்லாமல் ஆப் பாஸ்வேர்ட் பக்கமே கிடைக்காது. பிறகு அங்கே ஒரு பெயர் கொடுத்தால் 16 எழுத்துகள் வரும், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். டூல் இடைவெளிகளைக் கண்டு முரண்டு பிடித்தால் சேர்த்து எழுதுங்கள். சர்வர் ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் 993, எஸ்எஸ்எல். யூசர்நேம் என்பது முழு மெயில் முகவரி, அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் அல்ல.

யாஹூவுக்கும் இதே மாதிரி ஆப் பாஸ்வேர்ட்தான். சர்வர் ஐமேப் டாட் மெயில் டாட் யாஹூ டாட் காம், போர்ட் அதே 993.

கேள்வி: ஒரு வருஷமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் கூகுள் பாஸ்வேர்டை மாற்றினேன், அதிலிருந்து டூல் ஊமையாகிவிட்டது.

பதில்: கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாமே ரத்தாகிவிடும். புதிதாக ஒன்று உருவாக்கி டூலில் போடுங்கள். பழையது டூலில் இருக்கும் வரை அது சில நிமிடத்துக்கு ஒருமுறை தவறான பாஸ்வேர்டோடு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் டூலை நிறுத்திவிட்டு மாற்றுவது நல்லது.

கேள்வி: ஹாட்மெயில் கணக்குக்கு ஆப் பாஸ்வேர்ட் போட்டும் வேலை செய்யவில்லை.

பதில்: செய்யாது. அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் ஓஆத் மட்டுமே. பாஸ்வேர்ட் பெட்டி மட்டும் காட்டும் டூலை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் பலன் இல்லை. தண்டர்பேர்டில் கணக்கைச் சேர்த்து, ஆதென்டிகேஷன் முறையில் 'ஓஆத்2' தேர்ந்தெடுத்து, அதன் மேல் பேர்ட்ட்ரே வைப்பது ஒரு சுலபமான வழி.

கேள்வி: மெயில் வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் டூல் சொல்கிறது. போனில் உடனே வந்துவிடுகிறது.

பதில்: உங்கள் டூல் குறித்த நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. தண்டர்பேர்டில்கூட தொடக்க அமைப்பு 10 நிமிடம்தான். நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைப்பதைவிட ஐமேப் ஐடிலை இயக்குவது மேல். அதில் இணைப்பு திறந்தே இருக்கும். மெயில் வந்ததும் சர்வரே சொல்லும். தண்டர்பேர்டில் இதற்கு, கணக்கின் சர்வர் செட்டிங்ஸில் 'அலவ் இமீடியட் சர்வர் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும்.

ஐடில் இல்லாத டூலுக்கு 5 நிமிடம் போதும்.

கேள்வி: ஐடில் போட்டாயிற்று. காலையில் நன்றாக இருக்கிறது, மதியத்துக்கு மேல் ஒன்றும் வருவதில்லை. டூலை மூடித் திறந்தால் ஒரே நேரத்தில் எல்லாம் கொட்டுகிறது.

பதில்: இணைப்பு செத்துவிட்டது, டூலுக்குத் தெரியவில்லை. ஐடில் நெறிமுறை 1997-இல் எழுதப்பட்டது. 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஐடிலை நிறுத்தி மறுபடி தொடங்கு என்பது அதன் அறிவுரை, ஏனென்றால் சர்வர் அரைமணி நேரச் சும்மாவைக் கண்டால் வெளியேற்றலாம். ஆனால் வீட்டு ரவுட்டர்கள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. எந்தப் பேச்சும் இல்லாத இணைப்பைச் சில நிமிடங்களிலேயே தம் பட்டியலிலிருந்து தூக்கிவிடும், இரண்டு பக்கத்துக்கும் சொல்லாமலே. டூலில் ஐடில் புதுப்பிப்பு நேரம் இருந்தால் 5 முதல் 10 நிமிடமாக வையுங்கள். லேப்டாப்பை மூடித் திறந்த பிறகும் இதே கதைதான். அப்போது நல்ல டூல் தானே மறுபடி இணைத்துக்கொள்ளும். அப்படி இணைத்துக்கொள்ளாத டூலுக்கு, ஐடிலோடு 15 நிமிடத்துக்கு ஒருமுறை வழக்கமான சோதனையையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: டூல் போட்ட பிறகு மெயில்கள் தானாகவே 'படித்தது' ஆகிவிடுகின்றன! போனில் தடித்த எழுத்தில் எதுவுமே இல்லை.

பதில்: இது டூலை எழுதியவர் செய்த கோளாறு. ஐமேப்பில் மெயிலின் உள்ளடக்கத்தைச் சாதாரணமாகக் கேட்டால் சர்வர் அதைப் படித்ததாகக் குறித்துவிடும். 'பீக்' சேர்த்துக் கேட்டால் குறிக்காது. முன்னோட்டம் காட்டும் வசதியை அணைத்து, அனுப்பியவர், பொருள் மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் டூலை மாற்றுங்கள்.

மெயிலை சர்வரிலிருந்து இறக்கி எடுக்கும் பழைய முறையான பாப்3 வழியாக இணைத்திருந்தால் தொல்லை வேறு மாதிரி. பாப்3-க்குப் படித்தது, படிக்காதது என்ற கணக்கே கிடையாது. ஜிமெயிலில் பாப் அமைப்பில் 'எடுத்த பிறகு ஆர்க்கைவ் செய்' என்றோ 'அழித்துவிடு' என்றோ இருந்தால், டூல் எட்டிப் பார்த்த மெயில் இன்பாக்ஸிலிருந்தே காணாமல் போகும். அதை 'இன்பாக்ஸிலேயே வை' என்று மாற்றுங்கள். வழி இருக்கும்போது ஐமேப்பே எடுங்கள்.

கேள்வி: விளம்பர மெயிலுக்கெல்லாம் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ஜிமெயிலில் அவை ப்ரொமோஷன்ஸ் டேபில்தானே விழுகின்றன?

பதில்: ஐமேப்புக்கு அந்த டேப்கள் தெரியாது. ப்ரைமரி, ப்ரொமோஷன்ஸ், சோஷியல் எல்லாமே அதற்கு ஒரே இன்பாக்ஸ்தான். வடிகட்டுவதை சர்வரிலேயே செய்யுங்கள். ஜிமெயிலில் ஒரு ஃபில்டர்: அனுப்புநர் இடத்தில் வங்கி, அலுவலகம், வீட்டார் முகவரிகளை 'ஆர்' போட்டு அடுக்கி, 'அவசரம்' என்று ஒரு லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். லேபிள்ஸ் பக்கத்தில் அதற்கு 'ஷோ இன் ஐமேப்' டிக் இருக்கட்டும். டூலில் இன்பாக்ஸை நீக்கிவிட்டு அந்த ஃபோல்டரை மட்டும் கவனிக்கச் சொன்னால் வீடு அமைதியாகும்.

ஒரு எச்சரிக்கை. ஐடில் ஒரு இணைப்பில் ஒரு ஃபோல்டரைத்தான் கவனிக்கும். ஐந்து ஃபோல்டர் என்றால் ஐந்து இணைப்பு. ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 இணைப்பு வரைதான் தரும். போன், டேப்லெட், தண்டர்பேர்ட் எல்லாம் அதில் பங்கு கேட்கும். தண்டர்பேர்ட் மட்டுமே ஒரு கணக்குக்கு 5 வரை திறக்கும். 'இணைப்புகள் அதிகம்' என்ற பிழை வந்தால் காரணம் இதுதான்.

கேள்வி: டூல் ஐகானில் எண்ணிக்கை ஏறுகிறது, ஆனால் திரையில் அறிவிப்பு மட்டும் வருவதில்லை. விண்டோஸ் 11.

பதில்: அப்படியென்றால் டூல் தன் வேலையைச் செய்துவிட்டது, விண்டோஸ்தான் விழுங்குகிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் 'டூ நாட் டிஸ்டர்ப்' பாருங்கள். அணைந்திருந்தாலும் அதன் கீழே உள்ள தானியங்கி விதிகளையும் பாருங்கள்: கேம் ஆடும்போது, திரையைப் ப்ரொஜெக்டரில் பிரதி எடுக்கும்போது, முழுத்திரையில் ஏதாவது ஓடும்போது தானே இயங்கிக்கொள்ளும். அதே பக்கத்தின் ஆப் பட்டியலில் உங்கள் டூல் 'ஆன்' ஆக இருக்க வேண்டும். அறிவிப்பு சட்டென்று மறைகிறது என்றால் ஆக்ஸஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸில் 5 விநாடியை 15 அல்லது 30 ஆக்கலாம்.

லினக்ஸில் இது தலைகீழ்: அறிவிப்பு வரும், ஐகான் இருக்காது. க்னோம் என்ற டெஸ்க்டாப்பில் 3.26 பதிப்பிலிருந்து ட்ரே ஐகான்களுக்கு இடமில்லை. ஆப்இண்டிகேட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டால் தெரியும்.

கேள்வி: தமிழில் வரும் பொருள் வரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

பதில்: கட்டம் என்றால் எழுத்துரு இல்லை. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் நிறுவி, டூலை மறுபடி திறங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ ஏற்கெனவே இருக்கிறது. டூலில் வேறு எழுத்துரு தேர்ந்தெடுத்திருந்தால் அதற்கு மாற்றுங்கள். கட்டத்துக்குப் பதில் சமக்குறி, கேள்விக்குறி, யூடிஎஃப்-8 என்று தொடங்கி அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் நீளமாக வந்தால், டூலுக்கு மெயில் தலைப்பின் குறியீட்டைப் பிரிக்கத் தெரியவில்லை. எழுத்துரு மாற்றினால் அது தீராது, புதிய பதிப்புதான் வேண்டும்.

கேள்வி: ஆபீஸில் திரையைப் பகிரும்போது ஓடிபி மெயில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. என்ன செய்யலாம் மேடம்... சாரி, சார்?

பதில்: இரண்டும் பரவாயில்லை. டூலில் பொருள் வரியையும் முன்னோட்டத்தையும் அணைத்து, கணக்கின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸில் 'லாக் ஸ்க்ரீனில் அறிவிப்பு காட்டு' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு முன்னால் 'டூ நாட் டிஸ்டர்ப்'பைக் கையால் போடுவதுதான் நிச்சயமானது, ஏனென்றால் மீட்டிங் ஆப் வழியாகத் திரையைப் பகிர்வதை அந்தத் தானியங்கி விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.