'பாசிட்டிவ்' என்றாலே கெட்டதா?

கேள்வி: அம்மாவின் மார்பகக் கட்டி பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'இ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ்' என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு 5 வருடம் தமாக்ஸிஃபென் மாத்திரையாம். எதற்கு?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முப்பது வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தே கழித்தவன் நான். இந்த 'பாசிட்டிவ்'வைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான் வரும். இ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி; அதாவது, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டுவதற்காக செல்லுக்குள் இருக்கும் புரதம். ஹார்மோன் அதில் வந்து ஒட்டியதும், இரண்டுமாகச் சேர்ந்து டி.என்.ஏ.வைப் பிடித்து, செல்லைப் பெருகச் சொல்லும் ஜீன்களை முடுக்கிவிடும். அப்படி முடுக்கப்படும் ஜீன்களில் ஒன்றுதான் பி.ஆரை, அதாவது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனுக்கான ஏற்பியை, உண்டாக்குவது. அதுவும் பாசிட்டிவ் என்றால், கட்டி இன்னும் ஈஸ்ட்ரோஜன் சொல்படி ஆடுகிறது என்று அர்த்தம். சரி, ஆட்டத்தை எப்படி நிறுத்துவது? பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, தமாக்ஸிஃபென் முந்திக்கொண்டு ஏற்பியில் உட்கார்ந்துவிடும். மார்பகத்தில் அந்த ஜீன்களை முடுக்காது. (1960-களில் கருத்தடைக்காகத் தயாரித்த மருந்து. அந்த வேலையில் தேறவில்லை!)

கருப்பையில் அதன் குணம் வேறு. உள்சுவரை லேசாகத் தூண்டும். அதனால், மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.