குல்ஃபிப் பானையில் கல்லுப்பு எதற்கு?

கேள்வி: செங்கோட்டையில் குல்ஃபி விற்பவர் பானை ஐஸில் கல்லுப்பை அள்ளிப் போடுகிறாரே, ஏன்? – வாசகி, புளியரை

பதில்: நானும் செங்கோட்டைக்காரன்தான், அவரிடம் நின்று பார்த்திருக்கிறேன். உருகும் ஐஸ் 0 டிகிரியிலேயே நிற்கும். சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால் அந்தக் குளிரில் உறையாது. உப்பு விழுந்ததும் ஐஸ் வேகமாக உருகி, அதற்கு வேண்டிய வெப்பத்தைக் குப்பியிலுள்ள பாலிலிருந்து இழுத்துக்கொள்ளும். உப்புக் கலந்த ஐஸின் குளிர் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கும். உப்புத் தண்ணீர் உள்ளே புகாமல் மூடியைச் சுற்றி மாவு அப்பியிருப்பார், கவனித்தீர்களா? அருமையான கைவேலை அது! 1843-ல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் காப்புரிமை வாங்கிய, கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்திலும் இதே ஐஸ், இதே உப்புதான். அப்புறம், அந்தக் காலத்தில் சென்னைக்கு ஐஸே பாஸ்டனிலிருந்து கப்பலில்தான் வந்தது. அதைச் சேமித்த ஐஸ்ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.