கணினி, இலக்கியம், ஆவணப்படம்: மூன்றையும் சேர்த்துப் படிக்கலாமா?

கணினி அறிவியல் மாணவரான நீங்கள், சங்கப் பாடலும் ஆவணப்படமும் பிடிக்கும் என்பதால் கவனம் சிதறுகிறதோ என்று கேட்டிருக்கிறீர்கள். சிதறல் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் முடியக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

1949இல் ரொபெர்தோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் உதவியோடு, இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளரான தாமஸ் அக்குவினாஸின் நூல்களுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்) தயாரிக்கத் தொடங்கினார். துளை அட்டைகளில் (துளைகளால் தகவலைப் பதியும் பழைய அட்டைகள்) ஆரம்பித்த அந்த வேலை 56 தொகுதிகளாக வெளிவந்தது. கணினியை நூலாய்வுக்குள் கொண்டுவந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று, இந்தப் பாதிரியாரின் தேடலில்தான் பிறந்தது.

தமிழுக்கு வருவோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் னை, லை, ணா, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும். பழைய நூலின் படத்தைக் கணினி படிக்க வேண்டுமானால், நிரல் எழுதுபவருக்கு அந்த அச்சு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் சந்தி! சேர்ந்து நிற்கும் சொற்களை எங்கே பிரிப்பது என்பதை இலக்கணம் தெரிந்தவர்தான் நிரலுக்குச் சொல்லித்தர முடியும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஊடக ஆர்வத்துக்கும் இடம் உண்டு. ஈழத்தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் இருக்கின்றன.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் நினைவுகளை, அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். அதை எழுத்தாக்கி, சொல் தேடும் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பாருங்கள்.