ஒலிக்கோப்பு மாற்றம்: மலையூர் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இலவச மென்பொருள்களைக் கொண்டு ஒலிக்கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது பற்றி நீலகிரி, பழனி மலைப் பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒருவர்: எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) வயதான அம்மா ஒருவர் பாடிய படுகப் பாடல்கள் வாட்ஸ்அப் குரல் பதிவுகளாக என்னிடம் இருக்கின்றன. பென்டிரைவில் போட்டால் கார் பிளேயரில் ஓடவில்லை. கோப்பின் பெயரில் இருந்த ‘ஓபஸ்’ என்பதை ‘எம்பி3’ என்று மாற்றிப் பார்த்தும் பயனில்லை, ஐயா.

பதில்: பெயரின் வாலை மாற்றினால் உள்ளே இருக்கும் ஒலி மாறிவிடாது. 2012இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட ஓபஸ் முறை, மிகச் சிறிய அளவுக்குள் பேச்சைத் தெளிவாக அடக்கித் தருவது. ஆனால் பழைய கார் பிளேயர்கள் அதை அறியமாட்டா. விஎல்சி மென்பொருளைத் திறந்து, மீடியா பட்டியலில் ‘கன்வர்ட் / சேவ்’ என்பதைத் தேர்ந்து, கோப்பைச் சேர்த்து, ‘ஆடியோ - எம்பி3’ என்ற அமைப்பைக் கொடுங்கள். அதன் அருகிலுள்ள ஸ்பேனர் படத்தைச் சொடுக்கினால் பிட்ரேட்டையும் (ஒரு விநாடி ஒலிக்குச் செலவிடும் தரவின் அளவு) சேனல் எண்ணிக்கையையும் மாற்றலாம்.

ஒற்றைக் குரல் பாட்டுக்கு ஒரு சேனலும் 64 கிலோபிட் பிட்ரேட்டும் போதுமானவை. 320 என்று வைத்தால் ஒலி மேம்படும் எனப் பலர் நம்புகிறார்கள்; உண்மையில் நிமிடத்துக்கு அரை மெகாபைட்டுக்கும் (எம்பி) குறைவாக இருக்க வேண்டிய கோப்பு 2.4 எம்பியாக வீங்குவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. தேயிலைத் தூளை எவ்வளவு பெரிய பெட்டியில் கொட்டினாலும் அது மறுபடி கொழுந்தாகாது. மாற்றிய பிறகும் மூல ஓபஸ் கோப்புகளை அழிக்காதீர்கள். நாளை வேறு வடிவம் தேவைப்பட்டால் எம்பி3இலிருந்து அல்ல, மூலத்திலிருந்தே மாற்ற வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் பழைய கேசட்டுகள் பல, மரப்பெட்டியில் கிடந்து ஈரத்தில் வெள்ளை பூத்திருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

பதில்: அம்மா, முதலில் மென்பொருளை மறந்துவிட்டுக் கேசட்டைக் கவனியுங்கள். பூசணம் பிடித்த நாடாவை நல்ல டெக்கில் போட்டால், அது ஒலியைப் படிக்கும் ஹெட்டிலும் ரப்பர் உருளையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். கணப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தும் நம் ஊர் வழக்கம் துணிக்குப் பொருந்தலாம், கேசட்டுக்குப் பொருந்தாது; சூட்டில் ஓடு நெளிந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் சில நாள்கள் வைத்து ஈரத்தைப் போக்குங்கள். பிறகு, வீணானாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய பிளேயரில் போட்டு, மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஓடவிட்டு, நாடாவின் மேல் படிந்திருப்பதை உலர்ந்த மென்துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். பதிவு செய்யப் போகும் டெக்கின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்பு துடைக்க வேண்டும்.

அடுத்தது இணைப்பு. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இருக்கும் ஒற்றைத் துளை, ஹெட்செட் மைக்குக்கானது. அதில் டெக்கைச் செருகினால் இரண்டு சேனல்களும் ஒன்றாகி, ஒலியும் கரகரக்கும். டெக்கின் ஒலியை நேரடியாக வாங்கும் லைன்-இன் வசதியுள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கி, டெக்கின் லைன்-அவுட்டை அதில் இணைத்து, ஆடாசிட்டி என்னும் இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வைத்துப் பதிவு செய்யுங்கள். பாடலின் உரத்த இடங்களில்கூட அளவுகாட்டி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி ஒலி அளவை முன்கூட்டியே சரிசெய்வது மிக முக்கியம். அளவுகாட்டியின் உச்சமான பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட ஒலியைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. சி-60 கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம் ஓடும். அந்த 30 நிமிடமும் காத்திருக்கத்தான் வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

ஆடாசிட்டியில் ‘சேவ் புராஜெக்ட்’ கொடுத்தால் கிடைப்பது ஆடாசிட்டி மட்டுமே திறக்கும் கோப்பு. பிறர் கேட்க வேண்டுமானால் ‘எக்ஸ்போர்ட்’ செய்தாக வேண்டும். முதலில் தரம் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்: சுருக்காத அரை மணி நேர ஸ்டீரியோ வேவ் கோப்பு ஏறக்குறைய 317 எம்பி இடத்தைப் பிடிக்கும், ஃப்ளாக் பெரும்பாலும் அதில் பாதியை ஒட்டியே நிற்கும், ஒலியில் ஒரு துளியும் குறையாது. நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் வேலையை அதற்குப் பிறகு ஒரு நகலில் செய்யலாம். பாட்டு தொடங்குமுன் உள்ள வெற்று இரைச்சலைச் சில விநாடிகள் மாதிரியாகக் கொடுத்து, ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ அளவை 6 டெசிபெல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால், குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடுகின்றன என்பது என் கருத்து. குழுவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, அந்த நகலிலிருந்து எம்பி3 எடுத்தால் போதும்.

குன்னூரிலிருந்து ஒரு மாணவர்: எம்பி3 உருவாக்க உரிமக் கட்டணம் உண்டா? ஆடாசிட்டிக்கு லேம் என்னும் எம்பி3 ஆக்கும் துணைநிரலைத் தனியாக இறக்க வேண்டுமா?

பதில்: இரண்டும் பழங்கதை. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் நடத்தி வந்த எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிந்தது. விண்டோஸ், மேக் கணினிகளுக்கான ஆடாசிட்டியில் 2019இல் வந்த 2.3.2 பதிப்பு முதல் லேம் உள்ளேயே இருக்கிறது.

ஊட்டியிலிருந்து பறவை ஆர்வலர் ஒருவர்: சோலைக் காடுகளில் பறவைக் குரல்களை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகளாகப் பதிவு செய்கிறேன். இணைய வேகம் குறைவு என்பதால் எம்பி3 ஆக்கி ஆய்வாளர்களுக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். மனிதக் காதுக்குக் கேட்காது என்று கணிக்கும் பகுதிகளை எறிந்துவிட்டுத்தான் எம்பி3 சிறியதாகிறது. ஆய்வாளர்கள் காதால் மட்டும் கேட்பதில்லை, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஒலி அலைவரிசைப் படத்தையும் கண்ணால் பார்க்கிறார்கள். 128 கிலோபிட் எம்பி3இன் படத்தில் 16 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தரித்தாற்போல் ஒரு கோடும், அதற்குக் கீழே ஆங்காங்கே ஓட்டைகளும் தெரியும். ஒரு பறவை எழுப்பும் நுண்ணொலி அந்த ஓட்டையில் போயிருக்கிறதா, அல்லது அது எழுப்பவே இல்லையா என்று பிறகு யாராலும் சொல்ல இயலாது. வௌவால் ஒலி என்றால் பேச்சுக்கே இடமில்லை: விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் எடுக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரைதான் ஒலி பதிவாகும்; எம்பி3இன் உச்ச மாதிரி வீதமே 48 கிலோஹெர்ட்ஸ் என்பதால் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் அதில் தங்காது. ஆகவே பறவை கூவிய பகுதியை மட்டும் வெட்டி, 24 பிட் ஃப்ளாக்காக அனுப்புங்கள்.

கூடலூரிலிருந்து ஒருவர்: பழைய கைபேசியில் பதிவான ஏஎம்ஆர் கோப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களைப் பயன்படுத்தலாமா?

பதில்: வீட்டார் பேசிக்கொண்டதை முகம் தெரியாத ஒருவரின் கணினிக்கு ஏற்றி அனுப்புவதுதான் அந்தத் தளங்களில் நடக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இணைப்பு பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது வேறு. எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டளைவரி மென்பொருள், ஒரு கோப்புறையில் உள்ள அனைத்தையும் இணையமே இல்லாமல் ஒரே கட்டளைத் தொடரில் மாற்றிவிடும். ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: வழக்கமான ஏஎம்ஆர், விநாடிக்கு 8,000 மாதிரிகளை மட்டுமே எடுப்பது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அதில் பதிவாகவே இல்லை. ‘ஸ’ ஒலி மழுங்கிக் கேட்பதற்கு அதுவே காரணம்.

தாண்டிக்குடியிலிருந்து ஒருவர்: திருமண வீடியோவிலிருந்து நாதஸ்வரத்தை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். தரம் குறையாமல் முடியுமா?

பதில்: முடியும். எம்பி4 வீடியோவுக்குள் பெரும்பாலும் ஏஏசி என்னும் முறையில் சுருக்கிய ஒலி தனித் தடமாக இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் ஒலியை ‘காப்பி’ செய்யும்படி கட்டளையிட்டால், அதை மறுபடி சுருக்காமல் அப்படியே உருவி எம்4ஏ கோப்பாகத் தந்துவிடும். சில விநாடிகளில் வேலை முடியும்.

மீண்டும் கோத்தகிரி நண்பர்: பாட்டு ஓடுகிறது, நன்றி ஐயா. ஆனால் திரையில் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

பதில்: உங்கள் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை; எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் அது சரியாகாது. காருக்கான நகல்களில் மட்டும் கோப்பின் பெயரையும் உள்ளே உள்ள தலைப்பையும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, மூலக் கோப்புகளில் தமிழையே விட்டுவிடுங்கள்.