தையல் இல்லாத பிக் லைன் நழுவாமல் நிற்குமா?

கேள்வி: என் தந்தைக்குக் கீமோதெரபிக்காக மேல்கையில் பிக் லைன் (கையின் ரத்தக்குழாய் வழியே இதயத்தருகே வரை போகும் மெல்லிய குழாய்) பொருத்தியிருக்கிறார்கள். முன்பு வேறொரு சிகிச்சைக்காகக் கழுத்தில் குழாய் போட்டபோது தையல் போட்டிருந்தார்கள். இம்முறை தையலே இல்லை. ஒட்டுப்பட்டையுடன் கூடிய ஒரு பிளாஸ்டிக் பிடிப்பான்தான் இருக்கிறது. நேற்றுப் பார்த்தபோது குழாய் முன்பைவிடச் சற்று வெளியே வந்திருப்பதுபோல் தெரிந்தது. மெதுவாக உள்ளே தள்ளிவிடலாமா? தையல் போடச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: தள்ளாதீர்கள். அரை சென்டிமீட்டர்கூடத் தள்ள வேண்டாம். வெளியே வந்த பகுதி தோலின் மேல் கிடந்த பகுதி. எவ்வளவு துடைத்தாலும் தோலில் கிருமி இருக்கும். குழாயைத் தள்ளினால் அந்தக் கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும். அனுபவமுள்ள செவிலியரும் அதைத் தள்ளமாட்டார். இருக்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டு, முனை எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வார்.

“வெளியே வந்ததுபோல் தெரிந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கண்ணளவில் விட்டுவிடக் கூடாது. குழாய் பொருத்திய அன்று ஓர் அட்டையோ குறிப்போ கொடுத்திருப்பார்கள். உள்ளே எத்தனை செ.மீ., வெளியே எத்தனை செ.மீ. என்று அதில் இருக்கும். பெரும்பாலான குழாய்களில் அளவுக்கோடுகளும் அச்சிடப்பட்டிருக்கும். ஒளிபுகும் ஒட்டுத்தாளின் வழியாகவே, கட்டைப் பிரிக்காமல், தோலருகே எந்தக் கோடு தெரிகிறது என்று பாருங்கள். அட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அட்டை இல்லையென்றால் மருத்துவமனைப் பதிவில் அந்த எண் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் மாறியிருந்தால், மாற்றம் சிறியதாக இருந்தாலும், அடுத்த மருந்து ஏற்றுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

ஓரிரு செ.மீ. நழுவியதற்காக ஏன் இவ்வளவு கவலை? குழாயின் முனை நிற்க வேண்டிய இடம், மேல் பெருஞ்சிரை என்ற பெரிய ரத்தக்குழாய் இதயத்தோடு சேரும் பகுதி. அங்கே ரத்தம் ஆறாக ஓடுகிறது. எரிச்சலூட்டும் மருந்தும் உடனே கரைந்து நீர்த்துப்போகும். முனை பின்வாங்கி ஒரு சிறிய சிரைக்குள் வந்துவிட்டால், அதே மருந்து சிரையின் சுவரைச் சுட்டுப் புண்ணாக்கும், ரத்தம் உறையவும் வழி செய்யும். (ஊசி போடும்போது “நரம்பு கிடைக்கவில்லை” என்கிறோமே, அந்த நரம்பு உண்மையில் சிரைதான்.)

இனி பிடிப்பான் விஷயம். இந்தக் குழாய் உள்ளே போகும் விதத்தைப் பார்த்தால், அது ஏன் நழுவுகிறது என்பதும் விளங்கும். கையிலிருந்து இதயத்துக்குச் சிரை வழியே பாதை இருப்பதை 1929-இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் தன் உடம்பிலேயே காட்டினார். முழங்கைச் சிரையைத் திறந்து, ஒரு மெல்லிய குழாயை 65 செ.மீ. செலுத்திக்கொண்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனார். அந்த வேலைக்கு 1956-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் சிரையைக் கத்தியால் திறந்துகொண்டிருக்க முடியுமா? 1953-இல் சுவீடனைச் சேர்ந்த செல்டிங்கர் என்ற மருத்துவர் வழி சொன்னார். ஊசியால் துளைக்க வேண்டும், அதனூடே ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்த வேண்டும், ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேலேயே குழாயை ஏற்ற வேண்டும். இன்று பிக் லைன் போடும்போது கம்பியின் மேல் முதலில் ஓர் உறை போகிறது. குழாய் உள்ளே போனதும் அந்த உறையை இரண்டாகக் கிழித்து உரித்தெடுத்துவிடுகிறார்கள். வெட்டு இல்லை, துளை மட்டுமே. குழாயின் தடிமனும் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான்.

வேதனையில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போவது அதே போல் வழுக்கிக்கொண்டு வெளியேயும் வரும். சிரையும் அதைப் பற்றிக்கொள்ளாது, தோலும் பற்றிக்கொள்ளாது. எனவே வெளியே இருக்கும் பிடிப்புதான் எல்லாம். குழாய் போடுகிறவரின் கைத்திறனைப் பாராட்டுகிற நாம், அதைப் பிடித்துவைத்திருக்கும் சின்னப் பிளாஸ்டிக்கைக் கவனிப்பதே இல்லை.

தையல்தான் உறுதியானது என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. நான் அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு தையலும் தோலில் கூடுதலாக ஓர் ஓட்டை. அதுவும் குழாய் நுழையும் வாசலுக்குப் பக்கத்திலேயே. நூலைச் சுற்றிக் கிருமிகள் குடியேறும். நாளடைவில் நூல் தோலை அறுத்துக்கொண்டு தளரும். போடும்போது செவிலியர் கையில் ஊசி குத்தும் ஆபத்து வேறு. தொற்றைக் குறைக்கத் தையலில்லாப் பிடிப்பானையே பயன்படுத்தலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-இலேயே பரிந்துரைத்தது. எனவே உங்கள் தந்தைக்குச் செய்ததில் தவறில்லை. தையல் கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

ஆனால் ஒட்டும் பிடிப்பானுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வாரம் ஒருமுறை மேல் ஒட்டுத்தாளோடு அதையும் மாற்ற வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் குழாயைப் பிடித்திருப்பது செவிலியரின் விரல் மட்டுமே. நழுவல் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது என்பது என் கணிப்பு. ஒட்டுத்தாளைக் குழாய் நுழையும் துளையை நோக்கி உரிக்க வேண்டும். துளையிலிருந்து விலக்கி உரித்தால் குழாயும் கூடவே வரும். தோலில் பூசிய கிருமிநாசினி தானாகக் காய வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் பிடிப்பும் போகும், தோலும் கொப்புளிக்கும். மாற்றும்போது நீங்கள் அருகில் இருங்கள். முடிந்ததும் வெளியே எத்தனை செ.மீ. என்று கேளுங்கள். வியர்வையாலோ குளிக்கும்போதோ ஓரம் பெயர்ந்துவிட்டால் ஏழு நாள் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெயர்ந்த ஓரத்தின் மேல் வெறும் பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிப்பதும் வேண்டாம்.

அடிக்கடி நழுவினாலோ, ஒட்டுப்பசை தோலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, அடுத்த குழாய்க்கு வேறொரு வகையைப் பற்றிக் கேளுங்கள். தோலுக்கு அடியில் நிற்கும் நங்கூரம் அது. நிக்கல், டைட்டானியம் கலந்த உலோகத்தாலான இரண்டு சிறு கால்களை மடக்கி, குழாய் போன அதே துளை வழியாகச் செலுத்துகிறார்கள். அவை உள்ளே விரிந்து நின்றுவிடும். குழாய் இருக்கும்வரை இதுவும் இருக்கும், வாரந்தோறும் மாற்ற வேண்டியதில்லை. எடுக்கும்போது சுருக்கென்று வலிக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் அங்கேயும் சொல்ல வேண்டும். துளையின் வாயில் பூசும் மருத்துவப் பசையும் உண்டு. முதல் சில நாள் ரத்தக் கசிவை நிறுத்த அது நன்றாக உதவும். பிடிப்புக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மார்பில் தோலுக்கடியில் சுரங்கம்போல் கொண்டுவரப்படும் நீண்டகாலக் குழாய்களின் கதை வேறு. அவற்றில் ஒரு துணிவளையம் இருக்கும். சில வாரங்களில் திசு அதற்குள் வளர்ந்து பற்றிக்கொள்ளும். அதுவரைக்கும் அங்கே தையலுக்கு வேலை இருக்கிறது.

வீட்டில் கத்தரிக்கோலைக் குழாயின் அருகே கொண்டுபோகாதீர்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். கை வீங்கினாலோ, கழுத்திலோ தோளிலோ வலி வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குறிப்பாகக் குழாயில் மருந்து செலுத்திய பின் குளிர் நடுக்கம் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாய் முழுவதும் உருவி வந்துவிட்டால் தந்தையைப் படுக்கவைத்து, சுத்தமான பஞ்சுத்துணியால் துளையை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு துளையை மூடி ஒட்டிவிட்டு, வந்த குழாயையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு துண்டும் உள்ளே தங்கவில்லை என்று அளந்து பார்க்க வேண்டியிருக்கும். குழாய் உடைந்தால், உடைப்புக்கும் உடம்புக்கும் இடையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.