பிள்ளைகளின் இணையப் பாதுகாப்புக்குச் சட்டம் கேட்டுப் பெற்றோர் போராட வேண்டுமா? வீட்டில் கண்டிப்பாக இருந்தாலே போதாதா?

உங்கள் பிள்ளைகள் இன்னும் சிறியவர்கள் என்று நினைக்கிறேன். கண்டிப்பு போதும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

நாங்கள் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். 2023-இல் என் மகள் முதலாம் படிவம், அதாவது இடைநிலைப் பள்ளியில் முதல் ஆண்டு. இரவு ஒன்பது மணிக்கு மேல் அவள் கைப்பேசி என் தலையணைக்கு அடியில் இருக்கும். முகநூல், டிக்டாக் எதுவும் கிடையாது. ஆனால் தம்பியோடு சேர்ந்து ஆடும் விளையாட்டுக்குள்ளேயே முன்பின் தெரியாதவர்களோடு பேச வழி இருப்பது எனக்குத் தெரியாது. தனக்கும் பதின்மூன்று வயது, ஈப்போவில் படிக்கிறேன் என்று சொல்லி ஒருவன் மூன்று மாதம் பேசியிருக்கிறான். முதலில் கணக்குப் பாடம். பிறகு "உன் அம்மா ஏன் இப்படித் திட்டுகிறார்?" என்ற அனுதாபம். அப்புறம் படம் கேட்டு நச்சரிப்பு. அனுப்பாவிட்டால் பேசியதையெல்லாம் அம்மாவுக்குக் காட்டிவிடுவேன் என்று மிரட்டல். என் கண்டிப்பையே கயிறாகத் திரித்து என் மகளைக் கட்டிப்போட்டிருக்கிறான். அவள் படம் அனுப்பவில்லை. ஆனால் அழுததும் சொன்னதும் பெரியம்மாவிடம்தான், என்னிடம் இல்லை.

புகார் கொடுக்கப் போனால், பணியில் இருந்தவர், "படம் எதுவும் போகவில்லையே, கைப்பேசியைப் பிடுங்கி வையுங்கள்" என்று அனுப்பிவிட்டார். எல்லாப் போலீஸ்காரர்களையும் குறை சொல்லவில்லை. மறுநாள் அத்தான், சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு பேசி வசப்படுத்துவதே குற்றம். ஐந்தாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. அதைக் காட்டிய பிறகுதான் புகாரை எழுதிக்கொண்டார்கள்.

அந்தச் சட்டம் 2017-இல் வந்தது. ரிச்சர்ட் ஹக்கல் என்ற பிரிட்டிஷ்காரன் கோலாலம்பூரில் பல ஆண்டுகள் சிறுவர்களைச் சீரழித்து, 2016-இல் லண்டனில் ஆயுள் தண்டனை பெற்ற அதிர்ச்சிக்குப் பிறகு வந்தது. 2024-இல் இணையத் துன்புறுத்தலுக்கு ஆளான ஒரு தமிழ்ப் பெண் இறந்தபோது, அவரை இழிவாகப் பேசிய ஒருவருக்கு வெறும் 100 ரிங்கிட் அபராதம். மக்கள் கொதித்தார்கள், தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு 2025-இல் அமலானது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளைக் காப்பது இப்போது சமூக ஊடகங்களை நடத்தும் பெரிய நிறுவனங்களின் கடமையும்கூட. யாரும் கேட்காமல் இதில் எதுவும் வந்திருக்காது.

"பெற்ற பிள்ளையை அரசாங்கம் வளர்க்குமா?" என்று எழுதப் போகிறவர்களுக்கு: நான் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வாசலுக்குப் பூட்டுப் போடுவது என் வேலை. திருடனைப் பிடிப்பதும் என் வேலையா?

இன்னொரு வருத்தமும் உண்டு. இதைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு மணி நேரக் கூட்டம் வைக்க, எங்கள் வட்டாரச் சங்கம் ஒன்றிடம் மண்டபம் கேட்டோம். தேதி இல்லை என்றார்கள். அதே மாதம் அங்கே இரண்டு நட்சத்திரக் கலைவிழாக்கள் நடந்தன. மேடை முழுக்கப் பொன்னாடை. கடைசியில் அக்கா வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பாய் விரித்துப் பதினாறு தாய்மார்கள் உட்கார்ந்து பேசினோம். அதில் மூன்று பேர் வீட்டில் இதே கதை.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் உரையாடலை அழித்துவிடாதீர்கள். திரையில் இருப்பதை எல்லாம் படம் பிடித்து வையுங்கள். நான் ஆத்திரத்தில் பாதியை அழித்துவிட்டேன். அவன் இன்னும் பிடிபடவில்லை.