பெயரைச் சற்று மாற்றி உச்சரித்தால் என்ன கெட்டுவிடும்?

இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கும் நான், அந்தத் தவற்றைச் செய்தவள் என்ற தகுதியில் பதில் எழுதுகிறேன்.

என் பெயர் 'மொழி' என்று முடியும். அதை 'மொலி', 'மொளி' என்பவர்களை நான் திருத்தாமல் விட்டதில்லை. அப்படிப்பட்டவள், சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த முதல் ஆண்டில், பெற்றோர் கூட்டத்தில் ஒரு மாணவியின் தந்தையை 'பெள்ளி' என்று, 'பந்து' என்பதில் வரும் வல்லோசைப் பகரத்தோடு மூன்று முறை அழைத்தேன். கடைசி வரிசையில் இருந்த அவர் எழவேயில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். மகள்தான் அருகில் வந்து, "டீச்சர், எங்க அப்பா பேரு அப்படி இல்ல" என்றாள். 'அன்பு' என்கிறபோது பகரம் மெலிந்து ஒலிக்கிறதே, அந்த ஒலி அது. நீலகிரியில் வாழும் படுகர் இனத்தாரின் பேச்சில் வெள்ளியைக் குறிக்கும் சொல். நம் வகரம் அங்கே அந்தப் பகரமாக நிற்கிறது.

இதில் பாதிக் குற்றம் எழுத்தினுடையது. இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்து என்பதாலும், சொல்லின் முதலில் வந்தால் வல்லோசையாகவே படித்துப் பழகியதாலும், வடக்கே மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்ற பொருளுள்ள அந்த இனப்பெயரைச் சிலர் 'படகர்' என்று எழுத, அதைப் படிக்கும் வெளியூர்க்காரர் படகோட்டிகளாக்கும் என்று எண்ணிக்கொள்கிறார். என் மாணவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். முழுச் சிரிப்பு அல்ல அது.

ஊர்ப் பெயரின் ஒலி பிசகினால் நமக்கு எவ்வளவு உறுத்துகிறது! 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி வெளியிட்டது. சில நாள்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது வேறு கதை. ஆனால் இந்த மாவட்டத் தலைநகரின் பெயரைப் பாருங்கள். இந்த மலையின் பழங்குடிகளான தோடரின் குடியிருப்பை 'மந்து' என்பார்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'மண்ட்' ஆகி, பின்னர் நம் அழகுணர்ச்சியில் 'மண்டலம்' ஆனது. உதகமண்டலம் என்று கம்பீரமாகச் சொல்கிறோம். அங்கே ஒரு மந்து இருந்தது என்பது அந்தப் பெயரில் இப்போது யார் காதிலும் விழுவதில்லை. ஒருவருடைய பெயரை நம் வசதிக்கு வளைப்பதும் இதே வேலைதான், அளவில் சிறியது.

இப்போதெல்லாம் ஆண்டின் முதல் நாளில் நான் பெயர்களைப் படிப்பதில்லை. பிள்ளைகளே சொல்லட்டும் என்று விட்டு, மெல்லோசை வரும் எழுத்தின் மேல் வருகைப் பதிவேட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறேன். தோடர் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் புள்ளி செல்லாது. அவர்கள் மொழியில் ரகர ஒலி மட்டுமே மூன்று இடங்களில் பிறக்கிறது. என் நாக்கு அதற்குப் பழக்கப்படாதது. ஆகவே ஒரு சிறுமியிடம் மட்டும் தினமும் திருத்தம் கேட்கிறேன். "இன்னிக்குப் பரவாயில்ல டீச்சர்" என்பதே இதுவரை அவளிடம் நான் வாங்கிய அதிகபட்ச மதிப்பெண்.